ஏழுக்கு அடுத்த மாதம்

ஸ்கேன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர்களான உங்களுக்கு மெஷினைப் பற்றிச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை. நான் கடைசியாகத் தொட்ட மெஷினைப் பார்த்தால் நீங்கள் வாய்விட்டுச் சிரிப்பீர்கள். கருவில் இருக்கும் பிள்ளையின் இதயத்தில் எத்தனை அறை, நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது, தொப்புள்கொடிக்குள் எத்தனை ரத்தக்குழாய் என்பதெல்லாம் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஒன்றை யாரும் பரீட்சையில் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க, படுத்திருப்பவளும் அவளோடு வந்தவர்களும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்குத் திரை, அவர்களுக்கு நீங்கள்.

கோயமுத்தூரில் இந்த வேலையில்தான் என் தலை நரைத்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று நர்சுகள் பின்னால் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். ஸ்கேன் அறையில் பேசாத டாக்டரை நான் நம்புவதில்லை. அதற்குக் காரணம் சரோஜா அம்மா. இன்று உங்களுக்குச் சொல்ல வந்தது அவர் கதைதான்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்காரக் குடும்பம். மகன் பிரகாஷ், மருமகள் கீர்த்தனா. கல்யாணமாகி வெகுநாள் பிள்ளையில்லாமல், எங்கெங்கோ வைத்தியம் பார்த்து, ஒருவழியாகத் தங்கிய கரு. ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு மூவரும் வந்தார்கள். பிரகாஷ் வெளியே உட்கார்ந்துகொண்டான். மாமியார் சரோஜா அம்மா மட்டும் மருமகளின் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நல்ல உயரம், கணீரென்ற குரல், தோட்டத்து ஆட்களை அதட்டிப் பழகிய தோரணை.

பிள்ளை அருமையாக இருந்தது. நானும் வழக்கம்போல் வளவளவென்று பேசிக்கொண்டே கை, கால், முதுகெலும்பு என்று பார்த்துக்கொண்டு வந்தேன். தொப்புள்கொடி எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கப்போனபோது என் பேச்சு நின்றுவிட்டது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். கொடி நஞ்சுக்கொடியின் நடுவில் போய் இறங்கவேண்டும். கீர்த்தனாவுக்கு அது ஓரத்தையும் தாண்டி, பனிக்குடத்தின் மெல்லிய சவ்வில் வந்து சேர்ந்திருந்தது. அங்கிருந்து ரத்தக்குழாய்கள் எந்தப் போர்வையும் இல்லாமல் சவ்வோடு ஓடி, கருப்பையின் வாய்க்குக் குறுக்கே கிடந்தன. வலி எடுத்துப் பனிக்குடம் உடைந்தால் அந்தக் குழாய்களும் கிழியலாம். அப்போது கொட்டுவது தாயின் ரத்தமல்ல, பிள்ளையின் ரத்தம். அந்தச் சின்ன உடம்பில் மொத்தமாகவே ஒரு டம்ளர்தான் இருக்கும். டாக்டர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் முன்னாலேயே தெரிந்துவிட்டால், வலி வருமுன் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிடலாம். கண்டுபிடிப்பதற்கும் தவறவிடுவதற்கும் நடுவே ஒரு உயிர் நிற்கிற விஷயம் இது.

அதனால் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எவ்வளவு நேரம் வாய் பேசாமல் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. திரும்பியபோது சரோஜா அம்மா ஸ்டூலில் இல்லை.

எல்லாரையும் என் அறைக்கு வரச்சொன்னேன். நான் வாயைத் திறக்குமுன் சரோஜா அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டரம்மா, நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேண்டாமுங்க. எனக்கு வெளங்கிப் போச்சுங்க. பொட்டப்புள்ளைன்னா இப்ப என்னங்க? எனக்கு ரெண்டும் பசங்க. ஊட்டுல ஒரு பொண்ணு வராதான்னு நாங் கும்புடாத சாமியில்லீங்க. சந்தோசப்படறத உட்டுப்போட்டு நீங்க எதுக்கு மொகத்தை இப்படி வெச்சிருக்கறீங்க?"

நம் ஊரில் ஸ்கேன் டாக்டர் மௌனமானால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் பிள்ளை என்று அர்த்தம். ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்பதால் வாயால் சொல்லமாட்டார்கள், முகத்தில் காட்டிவிடுவார்கள் என்று ஜனங்களுக்கு ஒரு கணக்கு. அதற்குள் சரோஜா அம்மா வெளியே போய் மகனிடம் சொல்லி, உடுமலைப்பேட்டைக்குச் சம்பந்தி வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. நான் இப்போது ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சிரிக்கவும் முடியவில்லை.

"அது இல்லீங்கம்மா விஷயம்" என்றேன்.

"அம்மா, சித்த பேசாம இரு. அவங்க என்னமோ சொல்ல வாராங்க" என்றான் பிரகாஷ். கீர்த்தனா என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முதலில் நல்லதைச் சொன்னேன். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாக வளர்கிறது. பிறகு படம் வரைந்து, கொடி, சவ்வு, குழாய் என்று விளக்கினேன். மூவரும் தலையாட்டினார்கள். தலையாட்டலை நம்பாதீர்கள். புரியாதபோதுதான் மரியாதையாகத் தலையாட்டுவார்கள்.

"உங்கள் தோட்டத்தில் சொட்டுநீர்தானே?" என்று கேட்டேன். "பைப் மண்ணுக்குள் புதைந்திருந்தால் மேலே வண்டி போனாலும் ஒன்றும் ஆகாதில்லையா? இங்கே பைப் மேலாகவே கிடக்கிறது. அதுவும் கேட்டுக்குக் குறுக்கே."

சரோஜா அம்மா படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "டிராக்டரு வெளிய போனா நசுங்கிருமுங்களே."

"டிராக்டர்தானுங்க பிள்ளை."

"அப்ப கேட்டைத் தொறக்கவே கூடாது. செவுத்தை இடிச்சு அந்தப்பக்கமா எடுக்கோணும். அதானுங்களே சொல்றீங்க?"

அதைத்தான் சொன்னேன். சிசேரியனுக்கு அதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. போகப்போகக் கருப்பை பெரிதாகும்போது சிலருக்குக் குழாய் விலகிப்போவதும் உண்டு, ஏழாம் மாதம் மறுபடி பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தேன்.

ஏழாம் மாதமும் குழாய் அங்கேயேதான் கிடந்தது. இந்த முறை பார்க்கும்போதே சொல்லிக்கொண்டே வந்தேன். பிரசவ டாக்டரான என் தோழியும் வந்து பார்த்தாள். இருவரும் பேசி முடிவு சொன்னோம். எட்டாம் மாதம் தொடங்கியதும் கீர்த்தனா ஆஸ்பத்திரியில் வந்து தங்கிவிட வேண்டும். வலி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கிணத்துக்கடவிலிருந்து வண்டி எடுத்து வருவதற்குள் காரியம் கெட்டுவிடும். அந்த மாதம் முடிவதற்குள் ஆபரேஷன்.

சரோஜா அம்மா எழுந்து, மருமகளின் கையைப் பிடித்து, "வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் பிரகாஷ் போன் செய்தான்.

"அம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க டாக்டர். ஏழுக்கு அடுத்தது கழியட்டும், ஒம்பது பொறந்ததும் நாங்களே கொண்டாந்து சேத்தறோமுங்கறாங்க. அதுவரைக்கும் உடுமலையில அவங்கம்மா ஊட்டுல படுக்க வெச்சுக்கறாங்களாம். முன்னாலயே சேத்துனா நீங்க அந்த மாசத்துலயே எடுத்துபோடுவீங்கன்னு பயப்படறாங்க."

ஏழாம் மாதம் பிறந்த பிள்ளைகூட தங்கும், எட்டாம் மாதம் பிறந்தது தங்காது என்று நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதுதான். அந்த எண்ணைச் சொன்னால்கூட ஆகாது என்று அவர் வாயிலேயே எடுப்பதில்லை. வீட்டில் மற்றவர்களும் அப்படியே பழகிவிட்டார்கள். உடுமலைப்பேட்டையோ கோயமுத்தூருக்கு இன்னும் தூரம்.

என் தோழிக்கு ரத்தம் கொதித்தது. "படித்த பையன்தானே, அம்மாவுக்குச் சொல்ல மாட்டானா?" என்றாள். நானும் நாலு வார்த்தை சூடாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கோபமாகச் சொன்னால் அவர் மருமகளை உடுமலைக்கு அனுப்பிவிடுவார், அவ்வளவுதான் நடக்கும். இங்கே ஜெயிப்பது முக்கியமில்லை, அந்தப் பெண் கட்டிலில் வந்து படுப்பதுதான் முக்கியம். அதனால் பிரகாஷிடம், அம்மாவை மட்டும் தனியாக ஒரு நாள் அழைத்துவரச் சொன்னேன்.

வந்தார். ஒரு சாக்கு நிறைய இளநீரோடு வந்தார். சண்டைக்கு வரும்போதும் கையை வீசிக்கொண்டு வரத் தெரியாத ஊர் நம்முடையது.

நான் ஆஸ்பத்திரியைப் பற்றியே பேசவில்லை. "அந்த மாதத்தின்மேல் உங்களுக்கு என்னங்கம்மா அவ்வளவு பயம்?" என்று மட்டும் கேட்டேன்.

வெகுநேரம் சேலைத் தலைப்பின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். அந்தக் கணீர்க் குரல் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

"பிரகாசுக்கு முன்னால ஒண்ணுங்க. அதே மாசத்துலதானுங்க பொறந்துச்சு, ஊட்டுலயே. பொண்ணுங்க. மொகமெல்லாம் லச்சணமாத்தான் இருந்துச்சு. மூச்சு உடறப்ப மட்டும் பூனைக்குட்டியாட்ட ஒரு சத்தம் வருமுங்க. மறுநாளே போயிருச்சு. நாந்தான் தண்ணிக்கொடத்தைத் தூக்கிக் கெடுத்துபோட்டனோன்னு அழுதழுது சோறு எறங்கலீங்க. எங்க மாமியாதான் சொன்னாங்க, அழுகாத கண்ணு, அந்த மாசத்துல பொறந்தா யாருக்கும் தங்காது, உம்மேல குத்தமில்லைன்னு. அப்பத்தானுங்க எனக்கு மனசு ஆறுச்சு."

நான் கண்டிருக்கும் அத்தனை சிக்கலான ஸ்கேன்களையும்விட அந்த நிமிடம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. எட்டாம் மாதப் பிள்ளைகள் இன்று நன்றாகப் பிழைக்கின்றன, ஏழாம் மாதப் பிள்ளையைவிடவும் நன்றாக. இதுதான் உண்மை. ஆனால் அதை அப்படியே சொன்னால் அவர் காதில் வேறு விதமாக விழும். அப்படியானால் என் பெண்ணும் பிழைத்திருப்பாளே, நான்தானே விட்டுவிட்டேன் என்று விழும். இத்தனை வருஷமாக அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த நம்பிக்கைதான். அதை உருவ வேண்டும், அவரும் விழக்கூடாது.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்கள் மாமியார் சொன்னது சரிதானுங்கம்மா. உங்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. குடம் தூக்கியதால் எதுவும் ஆகவில்லை. அந்தக் குழந்தைக்கு நெஞ்சில் மூச்சுப்பை முற்றவில்லை. அன்றைக்கு உங்கள் ஊரில் அதற்கு மருந்தும் இல்லை, மெஷினும் இல்லை. யார் வீட்டில் பிறந்திருந்தாலும் அதே கதிதான். இன்றைக்கு இருக்கிறது. பிள்ளை உள்ளே இருக்கும்போதே மூச்சுப்பை முற்ற ஊசி போடுவோம். மாதம் அதேதான், காலம் வேறே."

"தங்குமுங்களா? உறுதியாச் சொல்லுங்க."

உறுதி கேட்பார்கள். கொடுக்காதீர்கள். நம்மிடம் இல்லாத சரக்கு அது. "உறுதி சொல்ல முடியாதுங்க. ஆனால் உடுமலையில் இருக்கும்போது வலி வந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்" என்றேன்.

பிறகு அவரைப் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்கு அழைத்துப்போனேன். அங்கே கருமத்தம்பட்டியிலிருந்து வந்த, தறிக்குடோனில் வேலை செய்யும் ஒரு பெண் தன் மகனை மார்போடு சேர்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டாம் மாதம் பிறந்தவன். இவர்கள் பார்க்கலாமா என்று அவளிடம் கேட்டேன்.

"பாருங்கக்கா" என்று துணியை விலக்கினாள். "பொறந்தப்ப கோழிக்குஞ்சாட்ட இருந்தானுங்க. தொடறதுக்கே பயம். இப்ப பால் பத்தலைன்னு என்னோட சண்டைக்கு வாரான்."

சரோஜா அம்மா குனிந்து பார்த்தார். தொடவில்லை. காதை மட்டும் அந்தக் குழந்தையின் மூக்கருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் வருகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நிமிர்ந்து, "சேத்துக்குங்க" என்றார்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. ஒன்பதாம் மாதம் கட்டுச்சோறு என்று மண்டபம் பேசி வைத்திருந்தார்கள். பெண் வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து, விருந்து போட்டு, பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவார்களே, அந்தச் சீர். "அதை அந்த மாசத்துலயே, இங்கயே வெச்சுக்கலாமுங்க. ஒம்பதுல அவ வயித்துல புள்ள இருக்காதில்லீங்க" என்றார். அந்த மாதத்தில் ஒரு சீர் செய்வதற்கு அவருக்கு எவ்வளவு மனம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். உடுமலைச் சம்பந்தி, மகளை அழைத்துப்போகாமல் கட்டுச்சோறுக்கு என்ன அர்த்தம் என்று முணுமுணுத்தாராம். மகள் இருந்தால்தானே அழைத்துப்போவது என்று இவர் வாயை அடைத்துவிட்டார்.

கீர்த்தனா வந்து தங்கினாள். ஊசி போட்டாயிற்று. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின வாரத்தில் கட்டுச்சோறு. ஆஸ்பத்திரியின் சாப்பாட்டு அறையை ஒரு மத்தியானத்துக்கு வாங்கினோம். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு என்று தூக்குப்போசிகள் வந்து இறங்கின. நர்சுகள், என் தோழி, நான், எல்லாருக்கும் இலை. கீர்த்தனா பட்டுச்சேலையும் கை நிறைய வளையலுமாகச் சக்கர நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அவள் சிரித்துப் பார்த்தது எனக்கு அன்றுதான் முதல் தடவை.

நான் எள்ளுச்சோற்றை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அறையின் அந்தக் கோடியில் பரிமாறிக்கொண்டிருந்த சரோஜா அம்மாவின் கரண்டி நின்றது.

"அம்மிணி, வலிக்குதா?"

"இல்லீங்கத்தை."

"பொய் சொல்லாத கண்ணு. மொகத்துல தெரியுது."

கீர்த்தனா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "காத்தாலருந்து இடுப்பைப் புடிச்சுப் புடிச்சு உடுதுங்கத்தை. இந்த மாசம் கழியோணும்னு நீங்க எத்தனை நெனச்சீங்க. இன்னுங் கொஞ்ச நாள்தானேன்னு பொறுத்துக்கிட்டேனுங்க."

ஐந்தாம் மாதம் என் முகத்தைப் படித்துத் தப்பான அர்த்தம் எடுத்துக்கொண்டவர் இன்று மருமகளின் முகத்தைச் சரியாகப் படித்துவிட்டார். கரண்டியைப் போட்டுவிட்டு, தோட்டத்துக்கே கேட்கும் குரலில் கத்தினார். "டாக்டரம்மா, வண்டி கெளம்பிருச்சுங்க! பைப்பு கேட்டுல கெடக்குது!"

நர்சுகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும், அந்தப் பைப் கதையை என்னிடம் முன்பே கேட்டிருந்த என் தோழிக்கும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சோற்றுக் கையோடு எழுந்து ஓடினோம். சாப்பாட்டு அறைக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் நடுவே ஒரு தாழ்வாரம்தான். அவ்வளவு கிட்டே இருந்தது, அதுதான் எங்கள் அதிர்ஷ்டம். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

ஸ்கேன் டாக்டருக்குத் தியேட்டரில் வேலை இல்லை. கதவுக்கு வெளியே சரோஜா அம்மாவோடு நின்றேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் பயம் இருந்தது. மறைக்க நான் முயலவில்லை. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். என் கையில் எள்ளும் அவர் கையில் புளியுமாக ஒட்டிக்கொண்டது.

உள்ளேயிருந்து அழுகை கேட்டது. பூனைக்குட்டிச் சத்தம் இல்லை. சண்டைக்கு வரும் அழுகை.

என் தோழி முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வந்தாள். "பனிக்குடம் உடைகிற நிலையில் இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் போகவில்லை. பையன்" என்றாள்.

சரோஜா அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "மறுக்காவும் பையனுங்களா! உங்க மொகத்தை நம்பி உடுமலைக்கெல்லாம் போன் போட்டனே டாக்டரம்மா!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்படியே சுவரோரமாக உட்கார்ந்து, வாயில் தலைப்பை வைத்து அழுதார். அது இந்தப் பிள்ளைக்கான அழுகை மட்டும் அல்ல. நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

பையன் சில நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். பிறகு வீட்டுக்குப் போனான்.

கதை அங்கேயே முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். நான் ஓய்வு பெறப்போகிற சமயம், சின்ன மருமகளை ஸ்கேனுக்கு அழைத்துக்கொண்டு சரோஜா அம்மா வந்தார். இடுப்பில் பேரன், வெளியே கிடக்கும் செருப்புகளையெல்லாம் இழுத்துக் குவித்துவிட்டு வந்த கையோடு. என் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் இன்னொரு கர்ப்பிணிப் பெண் அழுதுகொண்டிருந்தாள். ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது, பிள்ளையை முன்னாலேயே எடுத்தாக வேண்டும் என்று அவள் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"இப்ப எத்தனாவது மாசம் அம்மிணி?" என்று சரோஜா அம்மா கேட்பது காதில் விழுந்தது.

"ஏழுக்கு அடுத்ததுங்க" என்றாள் அந்தப் பெண், மெல்ல.

பிறகு அந்தக் கணீர்க் குரல்.

"எட்டுன்னு சொல்லு. வாயைத் தொறந்து சொல்லு கண்ணு, ஒண்ணும் ஆகாது. எட்டு. இதா பாரு, இவன் எட்டுல பொறந்தவன். உஞ் செருப்பை எங்க கொண்டுபோய்ப் போட்டான்னு மொதல்ல அவங்கிட்டக் கேளு."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அடுத்து அவளைத்தான் நான் உள்ளே கூப்பிட வேண்டும். கூப்பிடவில்லை. சரோஜா அம்மா பேசி முடிக்கட்டும் என்று கதவருகிலேயே நின்றேன்.